ராத்திரி கூப்பிட்டா ஓடணும்... அந்த படிப்பு வேணாம்! டாக்டர்கள் தங்கள் துறையை தேர்ந்தெடுப்பது எப்படி?

அரியலூர்:

ராத்திரி 1 மணி. ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கிராமம். தலைப்பிரசவ வலி எடுத்த பெண்ணை 108 ஆம்புலன்சில் ஏற்றுகிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது. உடனே சிசேரியன் என்று வைத்துக் கொள்வோம். இதற்கு எத்தனை டாக்டர் வேண்டும் தெரியுமா?

மூன்று பேர். குழந்தையை எடுக்க மகப்பேறு டாக்டர். அதற்கு முன்னால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்கு கீழே மரத்துப் போக வைக்க மயக்க மருந்து டாக்டர். வெளியே வந்த குழந்தை அழாமல் கிடந்தால் மூச்சு கொடுக்க குழந்தைகள் டாக்டர். இந்த மூன்று பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் ஆம்புலன்ஸ் திருச்சிக்கோ, தஞ்சாவூருக்கோ தான் திரும்ப வேண்டும்.

"டாக்டரே இல்லை" என்று ஆஸ்பத்திரி வாசலில் சத்தம் போடுவது நம்மூர் வழக்கம். உள்ளே எம்.பி.பி.எஸ். டாக்டர் இருப்பார். இல்லாதது அந்த துறை டாக்டர். அவர் ஏன் இல்லை என்று கேட்டால் பதில் சில வருஷம் பின்னால் போகும். எம்.பி.பி.எஸ். முடித்த ஒரு பையனோ, பொண்ணோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து "எனக்கு இந்த துறை" என்று பட்டனை அமுக்கிய நாள் அது. அந்த முடிவை எப்படி எடுக்கிறார்கள்?

இன்னொரு நீட்

நீட் என்றால் பிளஸ்-2 முடித்த பிள்ளைகள் எழுதுவது தான் நமக்கு தெரியும். டாக்டர் ஆன பிறகும் ஒரு நீட் இருக்கிறது. அது நீட் பி.ஜி.

எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம். அதன் பிறகு ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். மொத்தம் 5½ வருஷம். அதற்கு மேல் எம்.டி. அல்லது எம்.எஸ். படித்தால் தான் "குழந்தை டாக்டர்", "எலும்பு டாக்டர்" என்ற பெயர் கிடைக்கும். அது 3 வருஷம். இதயம், மூளை, சிறுநீரகம் என்று மேலே போகிறவர்களுக்கு இன்னும் 3 வருஷம்.

2016 வரை தமிழக அரசு இடங்களுக்கு மாநிலமே தனியாக நுழைவுத்தேர்வு நடத்தி வந்தது. 2017 முதல் எல்லாம் நீட் பி.ஜி. தான். 2025 ஆகஸ்டு 3-ந்தேதி நடந்த தேர்வில் 200 கேள்விகள். மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு 4 மார்க். தப்பாக அடித்தால் 1 மார்க் போச்சு. இரண்டு ஷிப்டாக நடத்துவதை எதிர்த்து சிலர் கோர்ட்டுக்கு போக, ஒரே ஷிப்டில் நடத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதனால் தான் தேர்வே ஆகஸ்டுக்கு தள்ளிப்போனது.

இந்த 200 கேள்வியில் கை நடுங்காமல் தையல் போடத் தெரியுமா, அழுகிற குழந்தையை சமாதானம் செய்யத் தெரியுமா என்பதற்கெல்லாம் மார்க் கிடையாது. ஒரு கேள்வி கூட குறைய சரியாக அடித்தால் ரேங்க் ஆயிரக்கணக்கில் கூட இறங்கலாம். சர்ஜன் ஆக வேண்டும் என்று சின்ன வயசில் இருந்து நினைத்தவர் வேறு துறைக்கு போவது இந்த இடத்தில் தான்.

முன்பெல்லாம் கவுன்சிலிங் என்றால் அப்பாவை கூட்டிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறுவார்கள். இப்போது எல்லாம் ஆன்லைன். எந்த கல்லூரி, எந்த துறை என்று வரிசையாக பட்டியல் போட்டு கொடுக்க வேண்டும். மேல் ரேங்க்காரர் எடுத்தது போக மீதி தான் அடுத்தவருக்கு. சென்னையில் பிடிக்காத துறையா, தூரத்து ஊரில் பிடித்த துறையா? பல வீடுகளில் சண்டையே இதில் தான். முதல் சுற்றில் கிடைத்ததை வாங்கிக் கொள்வதா, அடுத்த சுற்றுக்கு காத்திருப்பதா என்பது அடுத்த தலைவலி.

ஸ்கேன் டாக்டருக்கு ஏன் இத்தனை கிராக்கி?

நல்ல ரேங்க் வாங்கியவர்கள் முதலில் எடுப்பது எது? இதய ஆபரேஷன் என்று தான் பலரும் நினைப்பார்கள். அது தப்பு. கதிரியக்கவியல், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் துறை. அதற்கு பக்கத்திலேயே பொது மருத்துவமும், தோல் மருத்துவமும் நிற்கின்றன.

ஸ்கேன் டாக்டருக்கு வார்டில் 40 நோயாளி கிடையாது. "எங்க அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று சட்டையை பிடிக்கும் கூட்டமும் இல்லை. படத்தை பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். அந்த படம் கம்ப்யூட்டரில் எங்கே வேண்டுமானாலும் போகும். அரியலூரில் எடுத்த சி.டி. ஸ்கேனை சென்னையில் உட்கார்ந்து கூட பார்க்கலாம். அதோடு, கர்ப்பத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை தடுக்கும் 1994-ம் ஆண்டு சட்டத்தின்படி, கண்டவர்கள் ஸ்கேன் மெஷினை வைத்துக் கொள்ள முடியாது. படித்தவருக்கு தான் அனுமதி. அதனால் வேலைக்கு பஞ்சமில்லை.

தோல் டாக்டருக்கு நடுராத்திரி போன் வருவது அபூர்வம். படை, அரிப்பு, முடி கொட்டுதல் எல்லாம் விடிந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

பொது மருத்துவம் வேறு கதை. சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல், பாம்புக்கடி, பூச்சி மருந்து குடித்தவர் என்று எல்லாம் இவர் தலையில் தான். பருத்திக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் வேலை செய்யும் பெரம்பலூர் மக்களுக்கு ராத்திரி நேரத்தில் முதலில் வேண்டியவர் இவர் தான். இவ்வளவு சுமை இருந்தும் நல்ல ரேங்க்காரர்கள் ஏன் எடுக்கிறார்கள்? இதய நிபுணர், நரம்பு நிபுணர், சிறுநீரக நிபுணர் ஆக பெரும்பாலும் இந்த வழியாக தான் போகிறார்கள். பலருக்கு பொது மருத்துவம் இறங்கும் ஊர் இல்லை. உளுந்தூர்பேட்டை மாதிரி பஸ் மாறும் இடம். மாறிய பஸ் பெரும்பாலும் பெரிய ஊருக்கு தான் போகும்.

எலும்பு சிகிச்சைக்கும் மவுசு உண்டு. பெரம்பலூர் வழியாக சென்னை-திருச்சி நெடுஞ்சாலை. அரியலூர் பக்கம் சிமெண்டு ஆலைகளுக்கு சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. கை, கால் முறிவுக்கு குறைவே இல்லை. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. காசு இல்லை என்று திருப்பி அனுப்பும் வேலை குறைந்ததால், எலும்பு டாக்டருக்கு ஆஸ்பத்திரிகளில் தேவை கூடித்தான் போயிருக்கிறது. ஆனால் ஏழெட்டு மணி நேரம் நின்றபடி ஆபரேஷன் செய்ய உடம்பில் தெம்பு வேண்டும். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா எலும்பு?" என்ற பேச்சை இன்னும் பல பெண் டாக்டர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள்.

பெயர் தெரியாத டாக்டர்

மகப்பேறு துறை என்றால் தூக்கத்துக்கு கும்பிடு போட வேண்டும். பிரசவ வலி நேரம் பார்த்தா வருகிறது? தாய்க்கோ, குழந்தைக்கோ ஒன்று ஆகிவிட்டால் விசாரணை, போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும். பெண் டாக்டர்கள் தான் இந்த துறையை தாங்கிப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் கைக்குழந்தை இருக்கும் என்பதை மறந்து விடக்கூடாது.

மயக்க மருந்து டாக்டர் கதை இன்னும் பாவம். ஆபரேஷன் முடிந்ததும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய் கும்பிடுவது சர்ஜனை. ஆபரேஷன் நடந்த அத்தனை நேரமும் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சையும், ரத்த அழுத்தத்தையும் பார்த்துக் கொண்டிருந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவருக்கென்று தனியாக கிளினிக் போர்டு கிடையாது. சர்ஜன் கூப்பிட்டால் தான் வேலை. ஆனால் அவர் வராவிட்டால் எவ்வளவு பெரிய சர்ஜனும் கையை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியது தான்.

இந்த பற்றாக்குறை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு விஷயம் போதும். எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கே 18 வாரம் பயிற்சி கொடுத்து, பிரசவ ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க வைக்கும் திட்டத்தை மத்திய அரசு கொண்டு வந்தது. சிசேரியன் செய்ய 16 வாரம் பயிற்சி. 3 வருஷ படிப்பு 18 வாரத்துக்கு சமம் ஆகுமா என்று கேட்கலாம். ஆளே இல்லாத இடத்தில் அந்த 18 வாரமும் உயிரை காப்பாற்றும்.

பழைய போர்டுகளில் டி.ஜி.ஓ., டி.சி.எச்., டி.ஏ. என்று டாக்டர் பெயருக்கு பின்னால் பார்த்திருப்பீர்கள். பிரசவம், குழந்தை, மயக்க மருந்து ஆகியவற்றுக்கான 2 வருஷ டிப்ளமோ அது. மருத்துவக் கல்லூரிகளில் இருந்த அந்த இடங்களை எம்.டி., எம்.எஸ். இடங்களாக மாற்றிவிட்டார்கள். பட்டம் பெரிதானது. ஆனால் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் பலர் அந்த டிப்ளமோ டாக்டர்களாக தான் இருந்தார்கள். தப்பு உறைத்ததோ என்னவோ, 2020-ல் தேசிய தேர்வு வாரியம் வேறு பெயரில் 2 வருஷ டிப்ளமோவை மறுபடி கொண்டு வந்தது. மயக்க மருந்து, மகப்பேறு, குழந்தைகள் எல்லாம் அதில் இருக்கிறது.

யாரும் எடுக்காத சீட்டுகள்

கடைசி வரை காலியாக கிடப்பது உடற்கூறு, உடலியங்கியல், உயிர் வேதியியல் போன்ற பாடங்கள். நோயாளியை பார்க்காத, கல்லூரியில் பாடம் நடத்தும் துறைகள். சட்ட மருத்துவமும் இந்த வரிசை தான். அதாவது பிரேத பரிசோதனை படிப்பு. பிணவறை வாசலில் உடலை வாங்க காத்துக்கிடந்தவர்களுக்கு இந்த துறையில் ஆள் இல்லாததன் வலி தெரியும்.

சீட்டு இப்படி வீணாக போகிறது என்று 2023 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு காரியம் செய்தது. நீட் பி.ஜி. கட்-ஆப்பை பூஜ்யம் பர்சன்டைல் ஆக்கியது. தேர்வு எழுதினாலே போதும், கவுன்சிலிங்குக்கு வரலாம் என்ற நிலை. "அப்புறம் எதுக்கு நீட்?" என்று தமிழ்நாட்டு தலைவர்கள் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அந்த பாடங்களுக்கு ஆள் வராவிட்டால் நஷ்டம் யாருக்கு? 2022 ஜனவரி 12-ந்தேதி அரியலூர் உள்பட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளை பிரதமர் காணொலி மூலம் திறந்து வைத்தார். அரியலூருக்கு 150 இடம். அங்கே முதல் வருஷ மாணவனுக்கு எலும்பை கையில் கொடுத்து பாடம் நடத்துவது யாரும் எடுக்காத அந்த உடற்கூறு சீட்டில் சேர்ந்து படித்தவர் தான்.

நர்சிங் ஹோம் வீட்டுப் பையனும், கூலி வீட்டுப் பொண்ணும்

துறையை முடிவு செய்வதில் பணத்துக்கும் பங்கு உண்டு. அப்பா, அம்மா இருவரும் டாக்டர், சொந்தமாக நர்சிங் ஹோம் இருக்கிறது என்றால் பையன் அதற்கு தகுந்த துறையாக பார்ப்பான். ஒரு வருஷம் சும்மா இருந்து மறுபடி தேர்வு எழுதவும் அவனால் முடியும். தனியார் கல்லூரி பீசையும் கட்டிவிடுவான்.

கூலி வேலை செய்யும் வீட்டில் இருந்து டாக்டரான பொண்ணுக்கு அந்த வசதி ஏது? 18 வயசில் சேர்ந்து எம்.பி.பி.எஸ். முடிக்கும்போது 23, 24. பி.ஜி. தேர்வுக்கு ஒரு வருஷம், படிப்பு 3 வருஷம் என்றால் 28. "எப்போ சம்பாதிப்பே?" என்று அப்பாவும், "எப்போ கல்யாணம்?" என்று அம்மாவும் கேட்பார்கள். அரசு பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அதில் முதலில் சேர்ந்தவர்களுக்கு 5½ வருஷம் 2026-ல் முடியும் கணக்கு. அந்த ஒதுக்கீடு எம்.பி.பி.எஸ். வரைக்கும் தான். பி.ஜி.யில் கிடையாது.

இவர்களுக்கு இருக்கும் ஒரு வழி அரசு வேலை. மருத்துவ பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்து, சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, அரசு டாக்டர் கோட்டாவில் பி.ஜி. படிக்கலாம். முடித்ததும் அரசு பணிக்கே திரும்ப வேண்டும். தமிழ்நாட்டில் கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டர் வந்ததற்கும், தாலுகா ஆஸ்பத்திரி வரை ஸ்பெஷலிஸ்ட் வந்ததற்கும் பெரிய காரணம் இந்த கோட்டா தான்.

2017-ல் இதற்கே ஆபத்து வந்தது. அகில இந்திய விதிப்படி இப்படி தனி ஒதுக்கீடு கூடாது, கிராம சேவைக்கு கூடுதல் மார்க் வேண்டுமானால் கொடுக்கலாம் என்றார்கள். அரசு டாக்டர்கள் போராட்டத்தில் குதித்தார்கள். 2019 அக்டோபர் கடைசியில் நடந்த ஒரு வார ஸ்டிரைக்கிலும் இது ஒரு கோரிக்கை. கடைசியில் 2020 ஆகஸ்டு 31-ந்தேதி 5 நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு அமர்வு, அரசு டாக்டர்களுக்கு தனி ஒதுக்கீடு கொடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு சொன்னது. அரசு கல்லூரிகளில் மாநிலத்துக்கு கிடைக்கும் பி.ஜி. இடங்களில் பாதி மீண்டும் அரசு டாக்டர்களுக்கு வந்தது.

இதிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. அரசு கல்லூரி பி.ஜி. இடங்களில் பாதி முதலிலேயே அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு போய்விடும். மீதி பாதியில் தான் இந்த கணக்கு. அந்த மீதியிலும் "இந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்கு மட்டும்" என்று சீட்டு ஒதுக்கக்கூடாது என்று 2025 ஜனவரி 29-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

சட்டையை பிடித்தால்...

துறையை மாற்ற வைக்கும் இன்னொரு விஷயம் பயம். 2024 ஆகஸ்டு 9-ந்தேதி கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் இரவு டூட்டியில் இருந்த பெண் டாக்டர் பலாத்காரம் செய்து கொல்லப்பட்டார். அவர் நெஞ்சக நோய் துறையில் பி.ஜி. படித்து வந்தவர். அதே வருஷம் நவம்பர் 13-ந்தேதி சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் டாக்டர் ஒருவரை, சிகிச்சை பெற்ற பெண்ணின் மகனே கத்தியால் குத்தினார். டாக்டர் உயிர் பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் தகராறு செய்தால் ஜாமீனில் வர முடியாத வழக்கு போட தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்து என்ன? அவசர சிகிச்சை பிரிவில் ஒரு மாசம் ஹவுஸ் சர்ஜனாக நின்றவருக்கு, அங்கே பார்த்தது தான் மனசில் நிற்கும். குடித்துவிட்டு வந்த கூட்டம் கண்ணாடியை உடைப்பதை பார்த்த பொண்ணு, அடுத்த வருஷம் பட்டியல் போடும்போது அவசர சிகிச்சையை எத்தனையாவது இடத்தில் வைப்பார்? ஸ்கேன் ரூமும், தோல் கிளினிக்கும் மேலே ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை நேரமும் அப்படித்தான். பி.ஜி. மாணவர்கள் 24 மணி நேரம், 36 மணி நேரம் தொடர்ந்து டூட்டி பார்ப்பது ஊரறிந்த கதை. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள், வாரம் ஒரு நாள் லீவு கொடுங்கள் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழுவே 2024-ல் பரிந்துரை செய்தது. 74 மணி நேரம் என்றால் ஞாயிறு தவிர்த்து தினமும் 12 மணி நேரத்துக்கு மேல். அதுவே சலுகை என்றால் மீதியை நீங்களே கணக்கு போட்டுக் கொள்ளலாம்.

நம்மூருக்கு எப்போது?

பெரம்பலூர் மாவட்டத்தில் மதுரகாளியம்மன் கோவில் இருக்கும் சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு பக்கம் மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி. பி.ஜி. மாணவர்கள் படிக்கும்போதே 3 மாசம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும் என்று 2020-ல் விதி வந்தது. அதனால் ஏதாவது ஒரு துறையில் இளம் டாக்டர் ஒருவர் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தால், அவர் இந்த 3 மாச டாக்டராக இருக்கலாம். பழகுவதற்குள் போய்விடுகிறாரே என்று நோயாளிகள் குறைப்படுவது நியாயம் தான். ஆனாலும் ராத்திரி டூட்டிக்கு ஒரு ஆள் கூடுதல்.

அரியலூர் கல்லூரியில் ஒரு அரங்கம் இருக்கிறது. 850 பேர் உட்காரலாம். 2023-ல் அதற்கு அனிதா பெயர் வைத்தார்கள். செந்துறை பக்கம் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளாக பிறந்து, பிளஸ்-2வில் 1,176 மார்க் எடுத்தும் நீட் தேர்வால் டாக்டர் ஆக முடியாமல், 2017 செப்டம்பர் 1-ந்தேதி உயிரை விட்ட அதே அனிதா.

அந்த கல்லூரியில் 2022-ல் சேர்ந்த முதல் பேட்ச் ஹவுஸ் சர்ஜன் முடிக்க 2027 ஆகும். அதன் பிறகு நீட் பி.ஜி., கவுன்சிலிங், 3 வருஷ படிப்பு. எவ்வளவு வேகமாக போனாலும் அந்த பேட்ச்சில் இருந்து ஒரு மயக்க மருந்து டாக்டரோ, மகப்பேறு டாக்டரோ வெளியே வர 2030 ஆகிவிடும். அதுவும் அவர் அந்த சீட்டை எடுத்தால். எடுத்தும் அரியலூருக்கே திரும்பி வந்தால்.